செத்த வீட்டில் சொன்ன ‘வாங்கோ’

மகளுக்கு மூன்று வயதிலேயே மனைவி அதைப் பழக்கிவிட்டாள். வாசல் மணி அடித்தால் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளியக்கூடாது. முன்னே வந்து, வந்தவரின் முகத்தைப் பார்த்து “வாங்கோ” சொல்லவேண்டும். புறப்படும்போது “போயிட்டு வாங்கோ”. பஸ் சாரதிக்குப் பிரெஞ்சில் “போன்ஜூர்”. எங்கள் தெருத் தபால்காரருக்குக்கூட “வாங்கோ” கிடைத்தது. அவரும் சிரித்துக்கொண்டு அதையே திருப்பிச் சொல்வார்.

இந்த மாசியில் மனைவி இறந்தாள். காலையில் வேலைக்குப் போனவள் பஸ் தரிப்பிடத்தில் விழுந்துவிட்டாள். இதற்குமேல் அதைப்பற்றி எழுத என்னால் இன்னும் முடியவில்லை.

உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குச் சனம் வரத் தொடங்கியதும் ஐந்து வயது மகள் வாசலில் போய் நின்றாள். “வாங்கோ, வாங்கோ.” வந்தவர்கள் திகைத்தார்கள். செத்த வீட்டில் எங்கள் ஆட்கள் யாரையும் வரவேற்பதில்லை. போகும்போது சொல்லிக்கொள்வதும் இல்லை. மனைவியின் தமக்கை ஓடிவந்து பிள்ளையின் வாயைப் பொத்தினார்.

“இஞ்ச அப்பிடிச் சொல்லப்படாது பிள்ளை. சொன்னால் திரும்பவும் செத்த வீடு வரும்.”

முப்பத்தோராம் நாள் முடிந்தபின் எங்கள் வீட்டு மணி அடிப்பது நின்றுபோயிற்று. கார்டரியில், அவள் பகலில் போகும் பிள்ளைகள் காப்பகத்தில், மகள் யாருக்கும் “போன்ஜூர்” சொல்வதில்லை என்று ஆசிரியை சொன்னார். புரட்டாதியில் பள்ளிக்கூடம் தொடங்கப்போகிறது. எனக்குப் பயம் பிடித்தது. சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிப்போய், ஆப்பிள் விற்பவருக்குத் தேவைக்கு அதிகமான சத்தத்தில் “போன்ஜூர்” சொல்லிக் காட்டினேன். அவள் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும் வழியில், பஸ்ஸில், ஏனென்று கேட்டேன்.

“நான் சொன்னால் ஆரோ சாவினம்.”

“அம்மா செத்தது நீ சொன்னதாலை இல்லை, செல்லம்.”

“அது எனக்குத் தெரியும். அது முந்தி. நான் இனி நடக்கப்போறதைச் சொல்லுறன்.”

இனி நடக்கப்போவதை நினைத்து நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் தமக்கையார் கணவாய்க் கறிச் சட்டியோடு வெளிப்படியில் மூச்சு வாங்க ஏறிவந்தார். “இந்தப் படியிலயே என்ர சீவன் போயிடும்!” மகளின் முகம் வெளிறிவிட்டது. தேத்தண்ணி குடித்து முடியும்வரை அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“என்னடி, என்ர மூஞ்சையில படமோ ஓடுது?”

குசினிக்குள் வைத்து அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் வாசலுக்கு வந்து சப்பாத்தை மாட்டினார்.

“இந்த வீட்டில ஒருத்தரும் என்னை வாங்கோ எண்டு கேக்கேல்லை. நான் இன்னும் வரேல்லை.”

வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு மணியை அடித்தார். மகள் அசையவில்லை. மறுபடியும் மணி.

“குளிருது பிள்ளை! கோட்டும் போடேல்லை!”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். கதவைத் திறந்து, நிலத்தைப் பார்த்தபடி, காற்றைப்போல ஒரு “வாங்கோ” சொன்னாள்.

அவர் வந்தார். இருட்டும்வரை இருந்தார். போகும்போது “போயிட்டு வாறன்” என்றார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருப்பார் என்ற நேரத்தில் மகள் என் தொலைபேசியை எடுத்துவந்து நீட்டினாள். நான் தமக்கையாருக்கு அழைத்தேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“இருக்கிறன் பிள்ளை, இருக்கிறன்,” என்றது குரல். “சட்டியைக் கழுவி வையுங்கோ. எடுக்க வருவன்.”