மூடுபனியில் கூப்பிட்டவர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

பத்து வருடமாகச் சர்க்கரைக்கு ஊசி. தினமும் குத்தி, அளந்து சாப்பிட்டு, எனக்கு வெறுத்தே போனது. போன தை மாதம் ஒரு நாள் காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே களியைத் தொடாமல் காபிப் பழம் பறிக்கப் போனேன்.

மூடுபனி இறங்கியது. வெறும் வயிற்றில் போட்ட ஊசி, சர்க்கரை இறங்கிக் கண் கட்டியது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, செத்துப்போன என் வீட்டுக்காரர் நின்று, "வா புள்ள, போலாம்" என்றார். எனக்குப் பயமே இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் நடந்தேன்.

யாரோ இழுத்து உட்கார வைத்து, வாயில் வெல்லத்தைத் திணித்தார்கள். கண் தெளிந்தபோது இரண்டடி முன்னால் பாறைச் சரிவு. இழுத்தவள் என்கூடப் பழம் பறித்த, கொட்டச்சேடு ஊர்க்காரி ஒருத்தி.

"ஊசி வெறுத்துப் போச்சுங்களா அம்மா?" என்றாள்.

சர்க்கரை எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இதை யாரும் கேட்டதில்லை. அழுதுவிட்டேன்.

"எனக்கும் ஊசிதானுங்க. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில நாங்க எட்டுப் பேரு உக்காந்து அந்தச் சக்கரையத் திட்டித் தீப்போம். நர்சம்மாவும் கூட உக்காந்து கேக்கும். வாங்க."

போகிறேன். பனி இறங்கினால் அவர் இன்னும் கூப்பிடுகிறார். "இருங்க, வெள்ளிக்கிழமை கூட்டமிருக்கு" என்று சொல்லிவிடுகிறேன்.

ஏன் கண்ணு, எழுதறத நிறுத்திட்டே? மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு சாமி.