கிணற்றுப் படலைக்குப் பூட்டு

கோப்பாயில் பரமலிங்கத்தாரைப் போல வியாபாரத்துக்கு ஆசைப்பட்டவரும் இல்லை, அதில் அவரைப் போல அடி வாங்கியவரும் இல்லை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து இளைப்பாறியதும் காளான் வளர்த்தார். காளானுக்கே பூஞ்சணம் பிடித்தது. காடை வளர்த்தார். மரநாய்க்குத்தான் நல்ல காலம். மற்றவன் செய்வதைப் பார்த்துத் தானும் இறங்குகிற வியாதி நம்மில் பலருக்கும் உண்டு, அவருக்குக் கொஞ்சம் அதிகம்.

கடைசியில் மனைவி நாகேஸ்வரிதான் பொறுமையிழந்து, சனத்துக்கு இல்லாமல் எங்களிடம் மட்டும் இருப்பது என்ன என்று யோசிக்கச் சொன்னாள். யோசித்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். வீட்டு வளவிலே கோடையிலும் வற்றாத நல்ல தண்ணீர்க் கிணறு. கடலோரமான கொழும்புத்துறைப் பக்கம் பல கிணறுகள் உவர். தண்ணீர்த் தாங்கி பூட்டிய பழைய பவுசர் லொறி ஒன்றை வாங்கித் திருத்தி, தானே ஓட்டிப்போய்ச் சந்து விடாமல் ஒழுங்கை ஒழுங்கையாகக் குடிதண்ணீர் விற்கத் தொடங்கினார். வியாபாரம் பிடித்துக்கொண்டது. கம்பஸில் படிக்கும் மகள் சாருஜாவுக்காக யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை.

இடையில் குணலட்சுமி என்று ஒருத்தி இருந்தாள். கொழும்புத்துறையிலிருந்து ஸ்கூட்டியில் பெட்டி கட்டிவந்து கோப்பாயில் மீன் விற்பவள். விற்று முடிந்ததும் பரமலிங்கத்தாரின் கிணற்றில் இரண்டு பிளாஸ்டிக் கான் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போவாள். பவுசர் வருவதற்குப் பல வருடங்களுக்கு முந்திய பழக்கம் அது. அவள் காசு கொடுத்ததும் இல்லை, இவர்கள் கேட்டதும் இல்லை. நாகேஸ்வரியின் சட்டியில் மட்டும் நிறுவைக்கு மேலே ஒரு பிடி மீன் விழும்.

பவுசர் அவளுடைய ஒழுங்கைக்கும் போனபோதுதான் வில்லங்கம் வந்தது. குணலட்சுமி சும்மா அள்ளிவருகிற தண்ணீரை எங்களுக்கு ஏன் விற்கிறீர்கள் என்று பெர்னடெட் என்ற பெண் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டாள். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். பரமலிங்கத்தார் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு ஒழுங்கை கைவிட்டால் மற்ற ஒழுங்கைகளும் விடும்.

குணலட்சுமியிடம் நேரே சொல்லியிருக்கலாம். அதற்கு முகம் வேண்டுமே. மனிதர் கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி அடித்து, படலைக்குப் பூட்டும் போட்டுவிட்டு, அவள் வருகிற நேரம் பார்த்து நல்லூருக்குப் பவுசரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் வந்து பூட்டைப் பார்த்தாள். குசினிக்குள் அடுப்படியில் நின்ற நாகேஸ்வரி வெளியே வரவில்லை. மீன்காரி கூப்பிடுவாள் என்று காத்திருந்தாளாம். குணலட்சுமி கூப்பிடவும் இல்லை. வெறும் கான்களோடு திரும்பிப் போனாள்.

இதைக் கேட்ட பிறகு பரமலிங்கத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீருக்கு வந்தவளை வெறும் கையோடு அனுப்பிய வளவு என்று தன் வளவை நினைக்கவே அவருக்குக் கூசியது. அடுத்த நாள் காலையிலேயே பூட்டைக் கழற்றினார். குணலட்சுமி வரும்வரை றோட்டைப் பார்த்தபடி நின்றார். அவள் வந்தாள், நாகேஸ்வரிக்கு மீன் நிறுத்தாள், சட்டியில் போட்டாள். தராசு காட்டியதற்கு மேலே ஒரு மீன்கூட விழவில்லை.

"பூட்டைக் கழட்டிப் போட்டன், தங்கச்சி. கானைக் கொண்டு வா."

"வேண்டாம் அண்ணை. நீங்கள் எங்கடை வாசலுக்கே கொண்டு வாறியள்தானே."

அதில் கோபம் இல்லை. ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்குப் பாரம் குறைந்திருக்கும்.

பின்னேரம் கொழும்புத்துறையில் பவுசரைச் சுற்றிச் சனம் வரிசையாக நின்றது. குணலட்சுமியும் நின்றாள். அவளுடைய முறை வந்ததும் இரண்டு கானையும் தளும்பத் தளும்ப நிரப்பி, காசை வாங்காமல் அடுத்தவரைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேளாதபடி சொன்னாள்.

"எல்லாரிட்டையும் வாங்கிறதை என்னட்டையும் வாங்குங்கோ அண்ணை. இல்லாட்டிச் சனம் திரும்பவும் உங்களைத்தான் கேக்கும்."

பெர்னடெட் கேட்டதும் பூட்டு விழுந்த காரணமும் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டுதான் பேசாமல் திரும்பிப் போயிருக்கிறாள். பரமலிங்கத்தாருக்கு நிலத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் கையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டார்.