அம்மா அட்டையில் வரைந்த வாட்ச்

போன மாதம் தர்மபுரியில் ஒரு வளைகாப்பு. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன் என் அத்தை மகனின் கையைப் பார்த்துவிட்டு, புது மாடலா, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று விசாரித்தான். "எங்கப்பா கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச்சுப்பா" என்று அத்தை மகன் பெருமையாகச் சொன்னான். இளைஞனுக்கு நம்பிக்கை வரவில்லை. கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

அது என் அம்மாவின் வாட்ச்.

எண்பதுகளில் நாங்கள் அரூரில் குடியிருந்தோம். அப்பா புளிமண்டி வைத்திருந்தார். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலைக்குக் கட்டிக்கொண்டு போக அம்மாவிடம் வட்டமான ஸ்டீல் வாட்ச் ஒன்று இருந்தது. நாடி பார்ப்பதற்கு வினாடி முள் வேண்டும், அதற்காக வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஜன்னலில் போட்டுவிடுவாள். அது செருப்பைப் போல ஒரு சாமான், அவ்வளவுதான்.

ஒருமுறை கண் சிகிச்சை முகாமுக்கு வெளியூரிலிருந்து ஒரு லேடி டாக்டர் வந்தார். அவர் கையில் நீள்சதுரமாக ஒரு வாட்ச். இரண்டு பக்கமும் நேரான பட்டை, வெள்ளை முகம், ரோமன் எழுத்துகள், நீல நிறத்தில் இரண்டே முட்கள். சாவி கொடுக்கும் திருகில் கடுகளவு நீலக்கல். அம்மா அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு டாக்டரம்மா, அது தன் மாமியார் கல்யாணமாகி வந்தபோது கட்டியிருந்தது என்றும், இன்றைக்கும் சீமையில் கடைக்குப் போனால் இதே அச்சில்தான் கிடைக்கும் என்றும் சொன்னாராம். இத்தனை வருடமாக ஒரு கோட்டைக்கூட மாற்றாமல் செய்கிறார்கள், மாற்ற அதில் ஒன்றுமில்லை என்றாராம். அந்தப் பேச்சை அம்மா பல நாள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நகைக்கடை வாசலில்கூட நிற்காதவள் அவள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, துபாயில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். அவர் லீவில் வந்து திரும்பும்போது அம்மா மாத்திரை டப்பாவின் அட்டையைக் கிழித்து, பின்பக்கத்தில் அந்த வாட்ச்சை வரைந்து கொடுத்தாள். நீலக்கல்லுக்கு மட்டும் என்னிடம் கலர் பென்சில் வாங்கிக்கொண்டாள். "எங்கனா கண்ணுல பட்டா பாருடா. வாங்கணும்னு இல்ல" என்றாள்.

அடுத்த லீவுக்கு மாமா வரவில்லை. அதற்கடுத்த லீவுக்குத்தான் வந்தார். வந்தவர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டை முடிச்சை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தார். "புதுசு வாங்கணும்னா நான் ஷேக் வூட்ல பொறந்திருக்கணும்க்கா. பழசுதான். ஆனா அசல்" என்று சிரித்தார். ஒரு வருடம் ஊருக்கு வராமல் அந்த டிக்கெட் பணத்தை மிச்சம் பிடித்துத்தான் வாங்கினார் என்பது வேறு யார் மூலமாகவோ பிறகு தெரிந்தது. அம்மா அன்று அதைக் கட்டிக்கொண்டே சோறு வடித்தாள். கஞ்சியின் ஆவி படாமல் இருக்க இடது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அவள் பட்ட பாட்டைப் பார்த்து நானும் மாமாவும் சிரித்தோம்.

அப்பாவுக்கு அது விளங்கவே இல்லை. "வினாடி முள்ளே காணோம். நர்சுக்கு இது எதுக்கு?"

"அழகா இருக்குதுங்க" என்றாள் அம்மா.

அப்பா அதை ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு மண்டியில் போய்ச் சொன்னார். ஒரு பொருள் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பெண்பிள்ளை அதை வைத்துக்கொள்வது எங்கள் ஊரில் அதுவரை நடந்ததில்லை.

ஆனால் மண்டியில் யாரோ அந்த வாட்ச்சின் பெயரைக் கேட்டுவிட்டு, அதன் மதிப்பு என்னவென்று அப்பாவுக்கு விளக்கியிருக்கிறார்கள். சேலத்தில் வியாபாரிகள் கூட்டம் வந்தபோது, ஒருநாள் கட்டிக்கொண்டு போய் வருகிறேன் என்று வாங்கிப் போனார். வாரில் கடைசித் துளைக்குத் தள்ளியதும் அது அவருக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்துகொண்டது. அந்த வாட்ச்சின் சிறப்பே அதுதான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஆண் கையில் ஆணுக்கானதாகவும் பெண் கையில் பெண்ணுக்கானதாகவும் இருக்கும். பொட்டளவு முகமும் தங்கச் சங்கிலியுமாக, பார்த்தாலே பொம்பளை வாட்ச் என்று தெரிகிற ஒன்றை மாமா வாங்கி வந்திருந்தால், அது அம்மாவிடமே தங்கியிருக்கும்.

சேலத்திலிருந்து வந்த பிறகு அப்பா அதைக் கழற்றவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மா மெதுவாகக் கேட்டாள். "கோயிலுக்கு நான் கட்டிக்கட்டுங்களா?"

"கோயில்லதான் மணி அடிக்கறாங்களே, உனக்கு வாட்ச் எதுக்கு?"

நன்றாக இருந்தது அந்தப் பதில். நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

அந்த வருடம் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, அதியமான்கோட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. பேச்சு முடிக்க வந்தவர்கள் வெற்றிலை பாக்கு மாற்றும்போது மாப்பிள்ளையின் கண் அப்பாவின் கையிலேயே இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்துவிட்டார். "வாட்ச் போடறதுன்னா இந்த மாதிரி ஒன்னு போட்டுடுங்க. பையனுக்குப் புடிச்சிருக்குது பாருங்க" என்றார்.

அப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இந்த மாதிரி எதுக்குங்க, இதையே போட்டுட்டாப் போச்சு" என்று கையை நீட்டிக் காட்டினார். கூடியிருந்தவர்கள் அப்பாவின் தாராளத்தை மெச்சினார்கள். தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்றார்கள். அம்மா அப்போது கதவோரம் காபித் தட்டோடு நின்றிருந்தாள். எல்லாருக்கும் காபி கொடுத்தாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தில், சாமான் வைத்திருந்த அறையில், அம்மா ஆஸ்பத்திரிப் பஞ்சால் அந்த வாட்ச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி, பட்டை, நீலக்கல் எல்லாம் துடைத்துச் சாவி கொடுத்தாள். பிறகு தன் கையில் கட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பை ஒதுக்கிக் கையைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். வாட்ச் ஓடுகிறதா என்று சரிபார்க்கிறாள் என நினைத்தேன். "மணி சரியாம்மா?" என்று கேட்டேன். "சரிதான் பாப்பா" என்று கழற்றித் தட்டில் வைத்தாள். மேடையில் அப்பா அதை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கட்டினார். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் அம்மா இல்லை.

மறுபடி மாமா லீவில் வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் அம்மாவின் வெறும் கையைப் பார்த்து, வாட்ச் எங்கே என்று கேட்டார். அப்பா பக்கத்து இலையில் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். பிசைவதை நிறுத்தவில்லை.

"தொலச்சுட்டேன்டா" என்றாள் அம்மா. "கம்பைநல்லூர் போனப்ப ஆத்துல கை கழுவுனேன். வாரு அவுந்து போயிடுச்சு."

நான் பதறிப்போய், "மாமா, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். "போயி மோர் எடுத்தா பாப்பா" என்றாள் அம்மா. அந்தக் குரலில் அவள் அதற்கு முன் என்னிடம் பேசியதில்லை. எழுந்து போய்விட்டேன்.

மாமா முன்கோபி. மோர்ச் செம்போடு நான் திரும்பியபோது கத்திக்கொண்டிருந்தார். "உனக்கு என்னா தெரியும் அதோட அரும? நான் அங்க வெந்து சாவறேன், நீ ஆத்துல வுட்டுட்டு வந்து நிக்கற. உனக்குப் போயி வாங்கியாந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்." அம்மா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாதான் மாமாவைச் சமாதானப்படுத்தினார். "வுடுங்க மாப்ள, பொம்பளங்களே இப்பிடித்தான். தெரியாம நடந்துபோச்சு" என்றார்.

அதன்பிறகு மாமா வரும்போதெல்லாம் அப்பாவுக்கு டார்ச்சும் லைட்டரும் கொண்டுவந்தார். எனக்குப் பேனா, ரப்பர். அம்மாவுக்குக் கோடாலித் தைலம். மாமா சாகும்வரை, அக்கா கவனமில்லாதவள் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார்.

பெரியவளானபின் ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அத்தை அப்போது முழுகாமல் இருந்தாள், விஷயம் தெரிந்தால் மாமா அதியமான்கோட்டைக்கே போய்ச் சண்டை பிடித்திருப்பார் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் பக்கத்திலேயே வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிய பிறகு, தனக்குள் சொல்லிக்கொள்வது போல இன்னொன்றும் சொன்னாள். "புடுங்கிக்கிட்டாங்கன்னு சொல்றதவிட, நானே தொலச்சேன்னு சொல்றது கௌரவமா இருந்துச்சு."

இதெல்லாம் பிறகு. மாமா கத்திவிட்டுப் போன அன்று சாயங்காலம் அப்பா என்றுமில்லாமல் மண்டியிலிருந்து சீக்கிரமே வந்தார். கறி எடுத்து வந்தார். அம்மாவுக்கு இரண்டு முழம் மல்லிகைப்பூ, எனக்கு ஜிலேபி. அம்மா குழம்பு வைத்தாள். பூவை அப்பாவே எடுத்துக் கொடுத்து, வைத்துக்கொள் என்றார். அவளும் வைத்துக்கொண்டாள். வயிறு சரியில்லை என்று அவள் சாப்பிடவில்லை. அவள் பங்குக் கறியையும் நானே தின்றேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் அப்பாவும் அம்மாவும் முதல்நாள் தெருவே கூடும்படி சண்டை போட்டார்களாம். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கூடவே கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

"எங்க வூட்ல சண்டையே வராது" என்று அவளிடம் சொன்னேன்.