லீனா மனப்பாடம் செய்த இசை

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் லீனா, தங்கள் மாதா கோயிலில் இருபது வருஷத்துக்கு மேல் ஆர்கன் வாசித்தவள். எதிரே நோட்ஸ் தாள் இல்லாமல் ஒரு நாளும் கட்டையில் விரல் வைத்ததில்லை. பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கும் ஜெரமிக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. காதால் கேட்டதை அப்படியே வாசிப்பான். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவனை ஆர்கனில் உட்கார வைக்கலாமா என்று ஃபாதர் கேட்டார்.

"படிக்கத் தெரியாதவன்கிட்ட பைபிள் வாசிக்கக் கொடுப்பீங்களா ஃபாதர்?" என்றாள் லீனா, குழுவில் எல்லார் முன்னாலும்.

ஜெரமி சிரித்து வைத்தான். அதன் பிறகு ஆர்கன் பக்கமே வரவில்லை.

பிறகு சர்க்கரை வியாதி லீனாவின் கண்ணைப் பிடித்தது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். தாளில் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. பெரிதாக்கிப் பிரதி எடுத்தாள்; அதுவும் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஃபாதர் ஜெரமியைத்தான் கூப்பிட்டார்.

அந்த வருஷமே மகள் வனேசாவுக்குக் கல்யாணம்.

"ஜெரமி அங்கிள் வாசிக்கட்டும் லா அம்மா. நீங்க முன்னால உக்காந்து என்னைப் பாருங்க."

"பார்க்கத்தான் முடியலையே. வாசிக்கவாவது விடு."

மணப்பெண் உள்ளே வரும்போது வாசிக்கும் இசையை அவள் பூதக்கண்ணாடி வைத்துத் துண்டு துண்டாக மனப்பாடம் செய்தாள். கணவன் சூசை டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவள் வீட்டுக் கீபோர்டில் திரும்பத் திரும்ப வாசிப்பதைப் பொறுத்துக்கொண்டான். கடைசியில் முதலிலிருந்து முடிவுவரை பிசகாமல் வந்தது.

கல்யாணத்தன்று தாள் இல்லாமல் வாசித்தாள். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை. முடித்துக் கையை எடுத்தாள்.

கோயில் அமைதியாகிவிட்டது. வனேசாவின் கவுன் ஒரு பெஞ்சின் முனையில் மாட்டி, அவள் பாதி வழியிலேயே நின்றிருந்தாள். தோழி குனிந்து துணியை விடுவித்துக்கொண்டிருந்தாள். லீனாவுக்கு அது எதுவும் தெரியவில்லை.

"திரும்ப வாசி, திரும்ப வாசி" என்று சூசை முன்வரிசையிலிருந்து கிசுகிசுத்தான்.

முதல் சுரம் வரவில்லை. வீட்டில் எப்போதும் முடித்துவிட்டு, மூச்சு விட்டு, அப்புறம்தான் மறுபடி தொடங்குவாள். அவசரத்தில் எங்கேயோ அமுக்கினாள். கர்ரென்று ஒரு அபஸ்வரம். சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெரமி எழுந்து வந்தான். அவள் தோள்களுக்கு மேலாக இரண்டு கைகளையும் நீட்டி, நின்றபடியே நடுவிலிருந்து பிடித்தான். வனேசா பீடத்தை அடையும்வரை இழுத்து, அழகாக முடித்தான். லீனா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அவன் கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

விருந்து முடிந்து கார் பார்க்கில் அவனை நிறுத்தினாள்.

"நான் வாசிச்சதுல தப்பு இருந்துச்சா?"

"ஒண்ணுமே இல்ல அக்கா."

"அப்புறம் ஏன் கை வெச்ச?"

"பொண்ணு நடுவுல நின்னுச்சு அக்கா. உங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுச்சு, அவ்வளவுதான்."

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

வனேசா கெலுகோருக்குக் குடிபோனாள். கல்யாணத்தில் நடந்ததைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள்: "நான் அப்பவே சொன்னேன்ல அம்மா?"

ஒரு ஞாயிறு பூசை முழுக்க லீனா பெஞ்சில் உட்கார்ந்து ஜெரமியின் வாசிப்பைக் கேட்டாள். தாளில் இல்லாத சுரங்களை இஷ்டத்துக்குச் சேர்த்தான். ஜனங்கள் முன்பைவிடச் சத்தமாகப் பாடினார்கள். இப்போது அவள் ஞாயிறு விடிகாலைப் பூசைக்குத்தான் போகிறாள். அதில் பாட்டு கிடையாது.