ஏழாவது பெயரின் மேல் ஒரு கோடு

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்ட். இருபத்து மூன்று வயது. அந்த வருஷம்தான் நகல் எடுக்கும் மெஷின் ஒன்று கப்பலில் வந்து இறங்கியது. கார்பன் தாள் வைத்து அடித்து அடித்து விரலெல்லாம் நீலமாகிப் போயிருந்த எங்களுக்கு அது பெரிய அதிசயம். டோனர் என்ற கறுப்புப் பொடியை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் போதும். அதை இயக்கும் பயிற்சியை எனக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, தற்காலிகத் தொழிலாளர்களில் பதினான்கு பேரை நிரந்தரமாக்கும் பட்டியல் வந்தது. திங்கள் காலை பத்து மணிக்கு டாக்டர் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று கீழே குறிப்பு. நோட்டீஸ் போர்டுகளுக்காக ஆறு பிரதி எடுத்தேன். ஆறிலும் குறுக்கே மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. உள்ளே உருளையைத் துடைக்கிற ரப்பர் பட்டையில் ஏதாவது சிக்கினால் அப்படி வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சூடு ஆறும்வரை காத்திருந்து, மூடியைக் கழற்றித் துடைக்க அரை மணி நேரம் ஆகும். அன்று சாயங்காலம் ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் தேர். கோடு எங்கே விழுந்திருக்கிறது என்றுகூட நான் பார்க்கவில்லை. எழுத்து தெரிகிறது, அது போதும் என்று பியூனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பதின்மூன்று பேர்தான் வந்தார்கள். பதினோரு மணிக்கு மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஒருத்தருக்கு வேலை வேண்டாம் போல. அடுத்த ஆளுக்கு லெட்டர் அடிச்சிடும்மா" என்றார். வராதவர் பெயரைச் சரிபார்க்கக் கேன்டீன் போர்டுக்குப் போனேன். அந்தக் கோடு ஏழாவது பெயரின் மேல் ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி ஓடியிருந்தது. மெஷினுக்குள் தாள் பக்கவாட்டில் போகும், அதனால் கோடும் வரியோடு வரியாக விழுந்துவிட்டது. வராதவர் அந்த ஏழாவது ஆள்தான்.

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "டாக்டர் ஒரு மணி வரைக்கும்தான் இருப்பார். ஜீப்பை எடுத்துக்கிட்டு நீயே போய்ச் சொல்லு" என்றார்.

வியாசர்பாடியில் வரிசையாக நிற்கும் ஹவுசிங் போர்டு வீடுகளில் ஒன்று அந்த ஏழாவது ஆளுடையது. கதவைத் திறந்த அவர் மனைவியிடம் ஆபீசிலிருந்து வருகிறேன் என்றதும் அந்த அம்மா முகம் இறுகிவிட்டது. "இன்னாத்துக்கும்மா இப்ப வந்துகீற? அதான் பேரை அடிச்சிட்டீங்களே. எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாளா சோறு துன்னல. கிரவுண்டாண்ட குந்திகினு கீது, போய்ப் பாரு."

வெறிச்சோடிக் கிடந்த பந்து மைதானத்தின் ஓரத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார். அந்த மரியாதை என்னைக் குத்தியது. மெஷின் செய்த தவறு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

"ஆறு போர்டுலயும் பாத்தம்மா. தப்புன்னா ஒண்ணுல வரும். ஆறுலயும் என் பேரு மேலயே வருமா?"

"வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"போன வாரம் மேஸ்திரியாண்ட எதிர்த்துப் பேசிட்டேன். அதுக்குத்தான் அடிச்சிட்டாங்கன்னு நெனச்சிகினேன். அடிச்ச பேரை இன்னான்னு போய்க் கேக்கறது?"

மெஷின் செய்தது என்று சொன்னதும் பாதிப் பொய்தானே. கோட்டைப் பார்த்த பிறகும் விட்டது நான்தான் என்று அங்கேயே சொன்னேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், தோளில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. போய்ச் சேர்வதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார். மேனேஜர் இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார், பரிசோதனை மறுநாள் நடந்தது. ஆனால் வேலையில் சேர்ந்த தேதி ஒரு நாள் தள்ளிப் போனதால் சீனியாரிட்டியில் ஏழாவதாக இருக்க வேண்டியவர் பதினான்காவதானார். மாற்றித் தரச் சொல்லி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். விதி இடம் கொடுக்கவில்லை. ஷிப்ட் மாற்றமோ, பதவி உயர்வோ, அந்தக் குழுவில் கடைசியாகத்தான் அவர் முறை வந்தது. ஒருநாள்கூட அதை அவர் என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானமே அவர் எதிரில் மெஷினைத் திறந்தேன். ரப்பர் பட்டைக்கு அடியில் ஸ்டேப்பிள் பின்னின் ஒடிந்த துண்டு ஒன்று மாட்டியிருந்தது. பஞ்சால் துடைத்து, அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "இத்தினூண்டு கம்பியா?" என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "கோடு இல்லாம ஒண்ணு எடுத்துக் குடும்மா. வூட்ல காட்டணும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடிக்கப் போனவர், மடிப்பு தன் பெயர் மேல் விழும் என்று பார்த்து, மடிக்காமலே பிடித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ ஆயிரம் தாள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அது வெறும் தாளாகத் தெரிகிற நேரத்தில், அதில் தன் பெயரைத் தேடி யாரோ ஒருவர் போர்டு முன்னால் நிற்பார் என்கிற நினைப்பு இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.