லோகநாயகி டீச்சர் போட்ட ஒன்பது மார்க்

அஸ்தினாபுரத்தில் பிளம்பர் சவுரிமுத்துவைத் தெரியாத தெரு கிடையாது. இருபத்திரண்டு வருஷமாகப் பொழிச்சலூரிலிருந்து ஓட்டை மொபெட்டில் வந்து போகிறவன். போர்டு இல்லை, கார்டு இல்லை. ஒரு வீட்டம்மா அடுத்த வீட்டம்மாவிடம் சொல்லும் பேர்தான் அவனுக்குச் சோறு.

வெஸ்டர்ன் டாய்லெட் வைப்பதில் அவனுக்கென்று ஒரு முறை உண்டு. கடைக்குப் போவதற்கு முன்னால், உட்காரப்போகிறவரை ஒரு குட்டையான மர ஸ்டூலில் உட்காரவைப்பான். மேலே ஒவ்வொரு பலகையாகப் போட்டு உயரத்தை ஏற்றுவான். பாதம் முழுசாகத் தரையில் படியணும், எழுந்திருக்கும்போது முட்டி முனகக் கூடாது. இரண்டும் எந்த உயரத்தில் சேருகிறதோ அங்கே டேப்பை வைப்பான்.

லோகநாயகி டீச்சர் வீட்டிலும் அப்படித்தான் செய்தான். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் நின்று நின்று முட்டி போனவர். ஆள் குட்டை. வீட்டுக்காரர் காலமான பிறகு தனியாக இருந்தார். புனேயில் இருக்கும் மகன் ஷ்யாம்சுந்தர், முட்டி வலிக்காரர்களுக்கு உயரமானதுதான் நல்லது என்று பத்தொன்பது அங்குலத்தில் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான்.

சவுரிமுத்து பலகைகளை அடுக்கி டீச்சரை அந்த உயரத்தில் உட்காரவைத்தான்.

"காலு அந்தரத்துல தொங்குது பாருங்க டீச்சர். பத்து நிமிசம் இப்டி குந்திகினு இருந்தா மரத்துப்பூடும். எறங்கறப்ப சறுக்கி வுட்ரும்."

பதினேழில் முடிவானது. பக்கத்துச் சுவரில், கை ஊன்றி எழ ஒரு கம்பியும் மாட்டிக் கொடுத்தான். முதல் நாளே டீச்சர் போன் பண்ணி, "மகராசனா இருப்பே" என்றார்.

அந்தத் தெருவில் போர்வெல் தண்ணீர். நாலே மாதத்தில் பீங்கானுக்குள் உப்பு பழுப்பாகப் படிந்து, விரலால் சுரண்டினால் சொரசொரவென்றது. டீச்சர் கூப்பிட்டார். சவுரிமுத்து ஒரு பொட்டலம் எலுமிச்சை உப்போடு போனான்.

"டீச்சர், தண்ணிய மூடிட்டு, உள்ள நிக்கறத மொண்டு வெளிய ஊத்திடணும். வெதுவெதுன்னு கீற தண்ணில இந்த உப்ப கரைச்சி ஊத்தி ராத்திரி பூரா வுட்ருங்க. கொதிக்கிற தண்ணி வேணாம், பீங்கான் விரிசல் வுட்ரும். காலைல பிளாஸ்டிக் பிரஷ். ஒரே தபால போவாது, நாலு தபா ஆவும். சைக்கிள்ல விக்கிறானே ஆசிட், அது ஆவவே ஆவாது. அதும்மேல பிளீச்சிங் பவுடர் போட்டீங்கன்னா வர்ற பொகையே ஆள சாச்சிடும்."

"எனக்கு மறந்துபோகும்பா. எழுதிக் கொடு."

ஐந்தாவதோடு நின்றவன். காலண்டர் தாளின் பின்பக்கம் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினான். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, மேஜையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக் கீழே பத்துக்கு ஒன்பது என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தார். குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியவரும் அவர்தான்.

வீட்டுக்குப் போனதும் சவுரிமுத்து முதலில் சொன்னது இந்த மார்க்கைத்தான்.

"மீதி ஒரு மார்க்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டாள் அவன் மனைவி ஜீவிதா.

"கையெழுத்து கோணலாம்."

"ஆளும் கோணல்தான். எட்டுதான் போட்ருக்கணும்."

அவள் எட்டு போட்டாலும் அவனுக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டு வீட்டிலிருந்து, "இன்னைக்கு வர வேண்டாம்" என்று போன். காரணம் சொல்லவில்லை. மதியம் குரோம்பேட்டையில் ஹார்டுவேர்ஸ் கடை கதிரேசன்தான் அவனை உட்காரவைத்து, தெரு வாட்ஸ்அப் குரூப்பில் வந்ததைப் படித்துக் காட்டினார். பிளம்பர் சவுரிமுத்து சொன்னபடி ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்து அம்மா இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவனை யாரும் வீட்டுக்குள் விடாதீர்கள். ஷ்யாம்சுந்தர் இங்கிலீஷில் போட்டிருந்தான்.

"யோவ் சவுரி, நிஜமாவா சொன்னே?"

"அண்ணா, பைத்தியக்காரன் கூட சொல்ல மாட்டான்."

கோபம் வரவில்லை. கதவில் தாள் இருக்கிறது, டீச்சர் இருக்கிறார், பிறகென்ன? ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நேராக வண்டியை விட்டான்.

டீச்சர் கூடத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தார். குரல் கரகரத்தது. புனேயிலிருந்து வந்திருந்த ஷ்யாம்சுந்தர் வாசலிலேயே மறித்தான்.

"எதுக்கு வந்தே? எங்கம்மா செத்திருப்பாங்க தெரியுமா?"

"சார், நா எழுதிக் குட்த்தது கதவுல கீது. ஒரு தபா படிங்க, போதும்."

ஷ்யாம்சுந்தர் போய்த் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்தான். ஸ்கூலில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவன். இரண்டு வரி பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினான். "என்னம்மா எழுதியிருக்கு?"

சவுரிமுத்துவுக்கு மூச்சு நிதானமானது. இனி டீச்சர் பார்த்துக்கொள்வார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். தாளைக் கண்ணருகில் வைத்துக்கொண்டார். "ஆசிட் கொஞ்சம் ஊத்தி... மேல பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கணும்னு எழுதியிருக்குடா."

"டீச்சர்!"

"அப்ப இந்த நைன் அவுட் ஆஃப் டென்?" என்றான் மகன்.

"அதுவா... நல்ல யோசனைன்னு நான்தான் போட்டேன்."

"சார், நா எழுதுனது எனக்குத் தெரியாதா? ஆவவே ஆவாதுன்னு எழுதிக்கீது சார்!"

"அப்ப எங்கம்மா பொய் சொல்றாங்களா? டீச்சரா இருந்தவங்க பொய், நீ நிஜமா?"

சவுரிமுத்து டீச்சரைப் பார்த்தான். டீச்சர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. ஜன்னல் மேடையில் அவன் கொடுத்த பொட்டலம், போட்ட முடிச்சுக்கூட அவிழாமல் இருந்தது. திரும்பி நடந்தான்.

மறுநாள் டீச்சரிடமிருந்து போன், ரகசியக் குரலில். "கோவிச்சுக்காதப்பா. அவன் வர்றதுக்குள்ள பளிச்சுனு ஆகணும்னு நானேதான் கலந்தேன். அது தெரிஞ்சா, உனக்குத் தனியா இருக்கத் துப்பில்லன்னு வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிட்டுப் போயிடுவான்."

"செரி டீச்சர். குரூப்புல ஒரே வரி போடுங்க. சவுரிமுத்து மேல தப்பில்லன்னு."

"அவனும் அந்தக் குரூப்புல இருக்கானேப்பா."

சவுரிமுத்து பேசாமல் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

"மிச்ச ஆசிட்டு வூட்ல கீதா?"

"அரை பாட்டில் இருக்கு."

"மூடி இறுக்கி வெளிய வைங்க. பவுடர் டப்பா பக்கத்துல வைக்காதீங்க. ஜன்னல தொறந்தே வுடுங்க. எழுதிக்கினீங்களா?"

"எழுதிக்கிட்டேன்பா."

"இந்த தபா மார்க்கு நானே போட்டுக்கறேன்."

வைத்துவிட்டான். அதற்கப்புறம் அந்த நம்பரிலிருந்து எத்தனையோ முறை அழைப்பு வந்தது. ஒன்றைக்கூட அவன் எடுக்கவில்லை.