அசையாதே மாமா எடுத்த கலங்கிய படம்

பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் வகுப்புப் படம் எடுப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'அசையாதே மாமா'. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத மனிதர். சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டிருக்கும். பிழைப்பு மட்டும் அடுத்தவரை அசையாமல் நிறுத்துவது.

"ஊரையே நிறுத்தி வைக்கிறீங்க, உங்க காலை நிறுத்த முடியலையே" என்பாள் மனைவி.

கேமராவுக்குப் பின்னாலிருந்து, "அசையாதே! அசைஞ்சா படத்துல ரெண்டு மூக்கு விழும்!" என்று அதட்டுவார். பிள்ளைகள் சிரித்துக் குலுங்குவார்கள். முதல் ஆளாக நாக்கை நீட்டுவது அவர் மகள்தான்.

பிறகு ஒரு காலையில் சிலர் துப்பாக்கியோடு பள்ளிக்குள் புகுந்து, பிள்ளைகளைக் கூடத்தில் அடைத்துவைத்தார்கள். மூன்றாம் நாள் படையினர் மீட்கப் போனபோது வெடித்த சண்டையில், மகளின் வகுப்பில் பாதிப் பேர் இறந்துபோனார்கள். மகள் திரும்பினாள், பேச்சு திரும்பவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். இப்படி அடங்கிய பிள்ளைக்காக ஏங்கும் அப்பாக்கள் உண்டு. இவர் அந்த நாக்குக்காக ஏங்கினார்.

வேறொரு கட்டடத்தில் பள்ளி திறந்தது. "இருக்கிற பிள்ளைங்களையாவது ஒரு படம் எடுத்துக் கொடுங்கண்ணா. பெத்தவங்க கேக்குறாங்க" என்றார் தலைமையாசிரியை.

மூன்று வரிசை நிற்கும் வகுப்பு ஒன்றரை வரிசையில் முடிந்துவிட்டது. அவர் கேமராவில் கண்ணை வைத்தார். பல வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"அசையாதே!"

யாரும் சிரிக்கவில்லை. கைகள் மட்டும் மெல்ல எழுந்து, அந்தக் கூடத்தில் பழகியபடி, பிடரியில் கோத்துக்கொண்டன. மகளின் கைகளும். காலமெல்லாம் அவர் அதட்டிக் கேட்ட அசைவின்மை, அன்றைக்குத்தான் முழுசாகக் கிடைத்தது. அவர் காலும் நின்றுபோயிற்று.

"அப்பா..." மாதக்கணக்கில் கேட்காத குரல். "கையை இறக்கலாமா?"

மகள் பேசிவிட்டாள் என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

"இறக்கலாம்மா. எல்லாரும் இறக்குங்க. மாமாவுக்கு வாய்க்கொழுப்பு. ஆடுங்க, குதிங்க, என்ன வேணாலும் பண்ணுங்க!"

ஒருவரும் நம்பவில்லை. அவரே தொந்தி குலுங்கக் கேமராவைச் சுற்றிக் குதித்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெகுநேரம் கழித்துக் கைகள் இறங்கின. ஒரு பையன் தோளை லேசாக ஆட்டினான். அடுத்தவன் அவனை இடித்தான். மகள் பக்கத்திலிருந்த காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்போது பொத்தானை அழுத்தினார்.

படத்தில் ஒரு முகமும் தெளிவாக விழவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொடுத்தார். யாரும் திருப்பித் தரவில்லை. "என் பையன் அசைஞ்சிருக்கான் பாருங்க" என்று ஒரு தாய் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள்.

மகள் இப்போது பேசுகிறாள். எல்லாம் கேள்விகள்தான். "அப்பா, தண்ணி குடிக்கலாமா? ஜன்னலைத் திறக்கலாமா?"

"திற கண்ணு" என்கிறார் அவர், ஒவ்வொரு முறையும், அப்போதுதான் முதல்முறை கேட்டவரைப் போல.